அச்சிட்ட தபால்தலையுள்ள கார்டும் கவரும்: அடையாளம் கண்டு மதிப்பிட முழுமையான வழிகாட்டி

தபால்தலை ஒட்டத் தேவையில்லாமல், தலை அச்சிட்டே விற்கப்பட்ட தபால் கார்டு, கவர், ஏரோகிராம் வகையறாவைத்தான் போஸ்டல் ஸ்டேஷனரி என்கிறோம். ஒட்டும் தலைகளில் நன்றாகத் தேறியவர்கள்கூட இங்கே வந்ததும் திணறுவதைப் பார்க்கிறேன். கையில் கிடைத்ததும் மூலையில் இருக்கும் படத்தை வைத்து நேராக விலை தேடப் போய்விடுகிறார்கள். படம் ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் காகிதம், அளவு, மேலே உள்ள வாசகம், மடிப்பின் வடிவம் இவை வேறாக இருக்கும்; கேட்டலாக்கில் (எண்ணும் விலையும் போட்ட பட்டியல் புத்தகத்தில்) அதே படத்துக்கு வரிசையாகப் பல எண்கள் இருக்கும், அதில் விலை அதிகமாகப் போட்டிருப்பதே தன்னுடையது என்று மனசு முடிவு செய்துவிடும்.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். பொருள் என்ன, எந்த அச்சு, எப்படிப் பயன்பட்டது, என்ன நிலையில் இருக்கிறது, கடைசியில்தான் விலை.

1. முதல் வேலை: கத்தரிக்கோலையும் தண்ணீரையும் தள்ளி வையுங்கள்

ஒட்டும் தலைக்குப் பழகிய கை முதலில் செய்ய நினைப்பது தலையைத் தனியே எடுப்பதைத்தான். இங்கே அதைச் செய்யவே கூடாது. முழு கார்டு அல்லது முழு உறைதான் பொருள். தலை அதில் ஒரு பகுதி. வெட்டிய துண்டைப் பார்த்து அது கார்டா, உறையா, எந்த அளவு, எந்த மடிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்ல முடியாததற்கு விலையும் கிடைக்காது.

பழைய ஆல்பங்களில் சதுரமாக வெட்டி ஒட்டிய துண்டுகள் நிறையக் கிடைக்கும், ஏனென்றால் ஒரு காலத்தில் ஆல்பமே அப்படித்தான் அச்சிட்டு வந்தது. அமெரிக்க உறைகளில் மட்டும் இப்படி வெட்டிய சதுரங்களைச் சேர்ப்பது இன்றும் தனிக் கிளையாக உயிரோடு இருக்கிறது, ஸ்காட் கேட்டலாக் அவற்றுக்கும் முழு உறைக்கும் தனித்தனி விலை தருகிறது. ஏற்கெனவே வெட்டியது கிடைத்தால் நாலு பக்கமும் ஓரம் தாராளமாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக நீங்கள் வெட்டாதீர்கள், அவ்வளவுதான்.

தண்ணீரும் வேண்டாம். கார்டின் மேல்பூச்சு போகும், பழைய மை கரையும், உறையின் பசை இளகி மடிப்பு பிரியும். ஒட்டியிருக்கும் ஏரோகிராமையோ ஓரம் கிழிக்காத லெட்டர் கார்டையோ உள்ளே என்ன இருக்கிறது என்ற ஆவலில் பிரிக்கவும் கூடாது. பிரிக்காத நிலையே சில நேரம் அதன் மதிப்பு.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மில்லிமீட்டர் குறியுள்ள ஸ்கேல், அதுவும் விளிம்பு தேயாதது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கக்கூடிய ஒரு விளக்கு. லெட்டர் கார்டுகள் இருந்தால் துளை அளக்கும் கேஜ். முடிந்தால் ஒரு புற ஊதா விளக்கு. ஒரு நோட்டு, பென்சில். பேனா மேஜையிலேயே வேண்டாம்.

இதில் பலர் விட்டுவிடுவது ஸ்கேலை. தலைகளை அளந்து பழக்கமில்லாதவர்களுக்கு கார்டையும் அளக்கத் தோன்றுவதில்லை. 1870இல் பிரிட்டன் வெளியிட்ட முதல் அரைப் பென்னி கார்டே இரண்டு அளவுகளில் இருக்கிறது. தலை அதே தலை, நிறமும் அதே ஊதா, அளந்தால்தான் பிரியும். அளக்காமல் செய்த அடையாளம் பாதி அடையாளம்தான்.

நீர்க்குறி (காகிதத்துக்குள்ளேயே பதிந்த மங்கலான வடிவம்) பார்க்க பென்சின் போன்ற திரவங்களை முழு உறையின் மேல் ஊற்றுவது வேண்டாத வேலை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

3. இது நிஜமாகவே போஸ்டல் ஸ்டேஷனரிதானா?

கேட்கவே கூச்சமான கேள்வி, ஆனால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். ஒரு குறிப்பிட்ட கட்டணமோ சேவையோ முன்பே செலுத்தப்பட்டது என்று காட்டும் தலை, சின்னம் அல்லது வாசகம், அதிகாரபூர்வ அனுமதியோடு அந்தப் பொருளிலேயே அச்சாகியிருக்க வேண்டும். இதுதான் சோதனை. இதை வைத்துக் கீழே உள்ளவற்றைக் கழித்துவிடலாம்.

தலை ஒட்டிய படக் கார்டு: கழியும். தபால் நிலையமே விற்றிருந்தாலும், முன்கட்டணம் எதுவும் அச்சாகாத வெறும் படிவம் என்றால் அது 'ஃபார்முலர்'. அதையும் இந்தத் துறையில் சேர்க்கிறார்கள், கேட்டலாக்குகள் தனியாகப் பட்டியலிடுகின்றன, ஆனால் அச்சிட்ட தலையுள்ளதோடு அதைக் குழப்பக் கூடாது. மீட்டர் இயந்திரம் பதித்த சிவப்புக் குறி அனுப்புகிறவரின் இயந்திரத்தில் பிறகு விழுந்தது, அதுவும் கழியும்.

அப்புறம் முல்ரெடி. 1840 மே மாதம் பிரிட்டன் வெளியிட்ட அந்தப் படம் நிறைந்த உறைகளையும் கடிதத் தாள்களையும் ஊரே கேலி செய்தது, கேலிச் சித்திர உறைகளைத் தனியார் அச்சிட்டு விற்றார்கள். அவை சுவையானவை, நல்ல விலையும் போகின்றன, ஆனால் முன்கட்டணம் எதையும் சுமக்கவில்லை. இரண்டையும் பிரிக்க எளிய வழி காகிதம்: அசல் முல்ரெடி அச்சானது டிக்கின்சன் காகிதத்தில், அதன் உள்ளே பட்டு இழைகள் ஓடும். மதிப்பும் ஒரு பென்னி அல்லது இரண்டு பென்ஸ் என்று அச்சில் இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பெயரும் விளம்பரமும் அச்சான உறையில் அதிகாரபூர்வத் தலையும் அச்சாகியிருந்தால், "இது தனியார் சரக்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். தனியார் தங்கள் காகிதத்தைக் கொடுத்து, பணமும் கட்டி, அரசு அச்சகத்திலேயே தலை பதித்து வாங்கும் வழக்கம் இருந்தது. பிரிட்டனில் இது 1855இல் தொடங்கியது. இவை 'ஆர்டருக்குப் பதித்தவை' என்ற தனி வகை. பொது கேட்டலாக் பலவற்றில் இவை இருக்காது, அதனால் எண் கிடைக்கவில்லை என்பதற்காக எதையும் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

தலையில் எண் மதிப்பே இல்லாமல் 'செலுத்தப்பட்டது' என்ற வாசகமோ சேவையின் பெயரோ மட்டும் உள்ள நவீன உறைகளும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும்.

4. எந்த வகை என்று தீர்மானியுங்கள்

கேட்டலாக் எல்லாமே வகைவாரியாகத்தான் அடுக்கப்பட்டிருக்கும், ஆகவே வகை தப்பானால் பக்கமே தப்பு. உறை, கார்டு இரண்டிலும் சந்தேகம் வராது. மற்றவற்றில் வரும்.

லெட்டர் கார்டு என்பது தடித்த காகிதம், நடுவில் மடிப்பு, மூன்று பக்கமும் துளையிட்ட ஓரம், ஒட்டி அனுப்பினால் பெறுகிறவர் அந்த ஓரத்தைக் கிழித்துப் பிரிப்பார். பயன்பட்டதில் ஓரம் இல்லாமல் இருப்பது இயல்பு. ஓரங்களோடு பயன்பட்டது கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள்.

ஏரோகிராம் மெல்லிய தாள், மடித்தால் அதுவே உறை, உள்ளே வேறெதுவும் வைக்க அனுமதி இல்லை. செய்தித்தாள் சுற்றும் பட்டை நீளமான மெல்லிய தாள், ஒரு முனையில் பசை. அதைப் பெற்றவர் கிழித்துத்தான் பத்திரிகையை எடுப்பார், ஆகவே முழுசாகப் பயன்பட்ட பட்டை கிடைப்பது கடினம். தலை உள்ள துண்டு மட்டும் கையில் இருந்தால் அதை உறையின் துண்டு என்று நினைத்துவிடும் அபாயம் உண்டு.

பதிவுத் தபால் உறை துணி உள்வைத்த கெட்டியான காகிதம், குறுக்கும் நெடுக்கும் நீலக் கோடுகள். இதில் ஒரு விஷயம் புதியவர்களை எப்போதும் குழப்புகிறது. பிரிட்டன் 1878இல் வெளியிட்ட உறையில் இரண்டு பென்ஸ் தலை பின்பக்க மடிப்பில் புடைப்பாக இருக்கும், முன்பக்கம் ஒட்டும் தலையும் இருக்கும். "ஏன் இரண்டு முறை கட்டணம்?" அச்சிட்ட தலை பதிவுக் கட்டணத்துக்கு மட்டும், கடிதக் கட்டணத்தை அனுப்புகிறவர் தனியே ஒட்ட வேண்டும். அதனால் முன்னால் உள்ள ஒட்டும் தலை அதிசயம் எதுவுமில்லை, அது இருக்க வேண்டியதே.

இரட்டைக் கார்டு: பதில் எழுதவும் ஒரு கார்டு சேர்த்து விற்கப்பட்டது, ஒன்றோடு ஒன்று மடிப்பில் இணைந்திருக்கும். தனியே கிடைக்கும் பாதி எது என்று வாசகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். 'பதில்' என்று அந்தந்த மொழியில் இருக்கும். வெளிநாட்டுக்குப் போன இரட்டைக் கார்டின் பதில் பாதி, வேறு நாட்டில் தபாலில் போடப்பட்டு அங்கத்திய முத்திரையோடு தாய்நாட்டுக்குத் திரும்பி வரும். ஒரு நாட்டின் தலை மேல் இன்னொரு நாட்டின் முத்திரை! தவறோ போலியோ என்று நினைத்து இதைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. முறையாகப் பயன்பட்ட பதில் பாதி என்றால் சாதாரணக் கார்டைவிட மதிப்பு நன்றாகவே கூடும்.

5. நாடும் காலமும்

நாட்டைத் தலையில் உள்ள முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், வாசகத்தைப் படியுங்கள். விக்டோரியாவின் முகம் பல நிலங்களில் ஓடியது. 1879இல் வந்த கால் அணா கார்டில் 'ஈஸ்ட் இந்தியா போஸ்ட் கார்டு' என்று தெளிவாக இருக்கும். ஆனால் பிரிட்டிஷ் இந்திய ஸ்டேஷனரி மேல் குவாலியர், பாட்டியாலா, நாபா, ஜிந்த், சம்பா, ஃபரீத்கோட் என்று சமஸ்தானத்தின் பெயர் மேலச்சாக (அச்சான பிறகு மேலே பதித்த எழுத்தாக) விழுந்திருந்தால் கேட்டலாக்கில் இடமே மாறிவிடும். மேலச்சைப் பார்க்காமல் அடியில் உள்ளதை மட்டும் பார்த்தால் வேறு அத்தியாயத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வாசகத்தின் மொழியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் கார்டுகள் இதற்கு நல்ல பயிற்சி. 1869 அக்டோபர் 1 அன்று இரண்டு குரோய்ட்சர் மதிப்பில் உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்ட அந்தத் தபால் துறை, சில ஆண்டுகளில் ஜெர்மனோடு இரண்டாவது மொழியையும் சேர்த்து அச்சிட்டது: செக், போலிஷ், இத்தாலியன், ஸ்லோவீன் என்று பகுதிக்கு ஒன்று. தலை அச்சாக ஒன்றே. மொழி மாறினால் எண் மாறும், விலையும் மாறும், சில சேர்க்கைகளில் நிறையவே மாறும்.

பிரெஞ்சு வாசகம் கண்டால் உடனே பிரான்ஸ் என்று எழுதிவிடாதீர்கள். உலக அஞ்சல் ஒன்றியத்தின் மொழி பிரெஞ்சு, அதனால் வெளிநாட்டுக்குப் போகும் கார்டுகளில் பல நாடுகள் பிரெஞ்சிலும் அச்சிட்டன. இன்னொரு துணை, நிறம். 1897 வாஷிங்டன் மாநாட்டுக்குப் பிறகு வெளிநாட்டுக் கட்டணங்களுக்கு நிறம் ஒதுக்கப்பட்டது: அச்சடித்த பொருளுக்குப் பச்சை, கார்டுக்குச் சிவப்பு, கடிதத்துக்கு நீலம். எல்லாரும் எப்போதும் பின்பற்றினார்கள் என்று சொல்ல முடியாது, இருந்தாலும் ஒரே தொடரில் சிவப்புக் கார்டு வெளிநாட்டுக்கும் பச்சைக் கார்டு உள்நாட்டுக்கும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

காலத்துக்கு முகவரிப் பக்கமே ஒரு சாட்சி. பழைய கார்டுகளில் அந்தப் பக்கம் முகவரிக்கு மட்டும். நடுக்கோடு போட்டு இடப்பக்கம் செய்தி எழுத அனுமதித்தது பிரிட்டனில் 1902இல் தொடங்கி மற்ற நாடுகளுக்குப் பரவியது. சில நாடுகள் அச்சிட்ட தேதியையே கார்டில் போட்டுவிட்டன. ஜெர்மன் ரைக் (ஜெர்மன் பேரரசு) காலத்துக் கார்டில் கீழே வலது ஓரத்தில் லென்ஸில் பாருங்கள், 592 என்று பொடி எண் இருந்தால் 1892 மே மாத அச்சு. பக்கத்தில் ஒரு சிறு எழுத்தும் இருக்கலாம். இதைப் பார்க்காமல் முத்திரைத் தேதியை மட்டும் வைத்து அச்சை முடிவு செய்வது தவறு, கார்டு வாங்கி வருஷக்கணக்கில் மேஜையில் கிடந்து பிறகு போயிருக்கலாம்.

6. அச்சு, காகிதம், நீர்க்குறி, வெட்டு: நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய படி

சரி, நாடும் வகையும் தெரிந்துவிட்டது. இனி ஒரே மாதிரித் தெரிகிறவற்றைப் பிரிப்பது. இங்கே அவசரப்பட்டால் மதிப்பீடு முழுவதும் வீண்.

முதலில் அச்சு முறை. உறைகளில் அதிகம் காண்பது புடைப்பு அச்சு: தலையின் முகம் காகிதத்திலிருந்து எழும்பி நிற்கும், பின்பக்கம் குழிந்திருக்கும். கார்டுகளில் பெரும்பாலும் தட்டையான அச்சு. விளக்கைப் பக்கவாட்டில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள், நேர் வெளிச்சத்தில் புடைப்பின் சின்ன வித்தியாசங்கள் மறைந்துபோகும். நியூ சவுத் வேல்ஸ் 1838இல் வெளியிட்ட கடிதத் தாளில் மையே கிடையாது, நிறமில்லாத புடைப்பு முத்திரை மட்டும்தான். நேர் விளக்கில் அது வெறும் பழைய காகிதமாகத்தான் தெரியும்.

அடுத்தது அச்சின் உட்பிரிவு. ஒரே வடிவத்தைக் காலப்போக்கில் திரும்பத் திரும்பச் செதுக்குவார்கள், ஒப்பந்தக்காரர் மாறினால் புதிதாகச் செதுக்குவார்கள். அமெரிக்க உறைகளில் 1870இல் ரே நிறுவனம் செய்ததையும் 1874இல் பிளிம்ப்டன் நிறுவனம் செய்ததையும் முகம் பார்த்துப் பிரிக்க முடியாது. எண்களின் வடிவம், எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, மார்பளவு உருவத்தின் கீழ்முனை எந்த இடத்தில் முடிகிறது என்பதை லென்ஸில் ஒப்பிட வேண்டும். கேட்டலாக்கின் பெரிதாக்கிய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு இடத்தை மட்டும் முதலில் ஒப்பிடுங்கள். முழு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தால் கண் தனக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்துவிடும்.

பிறகு காகிதம். வெள்ளை, கிரீம், வெளிர் மஞ்சள், நீலம், ஆரஞ்சு கலந்த பழுப்பு என்று ஒரே உறை பல நிறக் காகிதத்தில் வந்திருக்கும். பழுத்துப்போன வெள்ளையைக் கிரீம் என்று எழுதுவது எல்லாரும் செய்கிற தவறு. மடிப்பின் உள்பக்கத்தைப் பாருங்கள், வெளிச்சம் படாத அந்த இடம்தான் உண்மை நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் இணை கோடுகள் தெரிகிறதா, சீராக இருக்கிறதா என்றும் குறியுங்கள். நீர்க்குறி இருந்தால் முழுவதையும் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உறைக் காகிதத்தில் நீர்க்குறியிலேயே ஆண்டு எண் வருவது உண்டு, அது காலத்தைக் குறுக்கிவிடும்.

வெட்டு, அதாவது உறையை மடிப்பதற்கு முன் தாளை வெட்டிய அச்சின் வடிவம். பின்மடிப்பு கூர்முனையா வட்டமுனையா, பக்க மடிப்புகள் எங்கே சந்திக்கின்றன, பசை எவ்வளவு தூரம் போகிறது. தலை, காகிதம், அளவு மூன்றும் ஒத்துப்போய் வெட்டு மட்டும் வேறாக இருக்கும் உறைகள் உண்டு, சிறப்புக் கேட்டலாக்குகள் அவற்றைத் தனித்தனியாக விலையிடுகின்றன. பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் விற்கிறவரிடம் உறை வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கடைசியில் அளவு. உறையை மடிப்பு மூடிய நிலையில், அகலம் முதலில், உயரம் அடுத்து. மூலையில் அளக்காமல் நடுவில் அளந்தால் மடங்கிய முனையால் வரும் பிழை இருக்காது. கார்டின் வாசகங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும், தலையின் விளிம்புக்கும் தலைப்பு வாசகத்துக்கும் உள்ள இடைவெளியையும் குறித்துவையுங்கள். பல கார்டுகளில் உட்பிரிவே அதுதான்.

7. இப்போதுதான் கேட்டலாக்

உலகம் முழுவதற்கும் பலர் இன்றும் எண் சொல்வது ஹிக்கின்ஸ் அண்ட் கேஜ் பட்டியலை வைத்துத்தான். அதன் எண்கள் உயிரோடு இருக்கின்றன, விலைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. எண்ணுக்கு அதைப் பாருங்கள், விலைக்குப் பார்க்காதீர்கள். ஐரோப்பாவுக்கு மிஷெல் வெளியிடும் தனிக் கேட்டலாக், அமெரிக்காவுக்கு ஸ்காட்டின் சிறப்புப் பதிப்பும் அங்கத்திய போஸ்டல் ஸ்டேஷனரி சங்கத்தின் பட்டியல்களும். 1920களில் வந்த ஆஷரின் ஜெர்மன் பட்டியல் பழையது என்றாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்குக்கு இன்னும் உதவும்.

உங்கள் நோட்டில் எழுதிய வரிசையிலேயே தேடுங்கள்: வகை, ஆண்டு, மதிப்பு, வாசகம், காகிதம், அளவு, உட்பிரிவு. ஒவ்வொரு வரியிலும் ஒத்துவராத எண்களை அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் இரண்டு எண் மிஞ்சினால், தீர்க்க முடியாதவரை விலை குறைந்ததுதான் உங்களுடையது என்று எழுதிவையுங்கள். கசப்பாக இருக்கும், ஆனால் வாங்குகிறவரும் அப்படித்தான் நினைப்பார்.

கேட்டலாக்கின் முன்னுரையைப் படிக்காமல் விலை நிரலுக்குப் போவது பெரிய தவறு. அந்த விலை எந்த நிலைக்கு, பயன்பட்டது என்றால் எந்தக் கட்டணத்துக்கு, இரட்டைக் கார்டு என்றால் பிரியாததற்கா என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

8. எப்படிப் பயன்பட்டது: மதிப்பின் பெரும்பகுதி இங்கே

ஒட்டும் தலையில் பயன்படாதது உசத்தி என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும். ஸ்டேஷனரியில் அதைத் தலைகீழாகப் பார்க்க வேண்டி வரும் இடங்கள் பல. தபால் நிலையத்தில் கட்டுக்கட்டாக வாங்கி வைத்தவை பயன்படாமல் ஏராளமாக மிஞ்சியிருக்கும், அதே பொருள் சரியான கட்டணத்தில் நிஜமாகத் தபாலில் போனது அரிதாக இருக்கும். ஏரோகிராம்களிலும் செய்தித்தாள் பட்டைகளிலும் இது அடிக்கடி நடக்கிறது. எந்த நிரலில் விலை அதிகம் என்று ஊகிக்காமல் இரண்டையும் பாருங்கள்.

பயன்பட்ட ஒன்றைக் கையில் எடுத்ததும் ஒரு கணக்குப் போடுங்கள். அச்சிட்ட தலையின் மதிப்பு, அதோடு ஒட்டிய தலைகளின் மதிப்பு, இரண்டின் கூட்டுத்தொகை. அது அந்தத் தேதியில், அந்த ஊருக்கு, அந்தச் சேவைக்கு உரிய கட்டணத்துக்குச் சமமா?

ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் ரைக், ஐந்து ஃபெனிக் பச்சை, ஓரத்தில் 592. பக்கத்தில் இன்னொரு ஐந்து ஃபெனிக் தலை ஒட்டியிருக்கிறது, இத்தாலிக்குப் போயிருக்கிறது. உள்நாட்டுக் கார்டுக்கு ஐந்து, வெளிநாட்டுக்குப் பத்து, கணக்கு நேராக இருக்கிறது: உள்நாட்டுக் கார்டைத் தலை கூட்டி வெளிநாட்டுக்கு அனுப்பியது. வெறும் ஐந்து ஃபெனிக் கார்டைவிட இது மேல். இப்போது அதே கார்டு கூடுதல் தலை இல்லாமல் வியன்னாவுக்குப் போயிருந்தால்? கட்டணம் குறைவு, அபராதக் குறி எங்கே என்று தேடத் தோன்றும். தேட வேண்டாம். ஆஸ்திரிய-ஹங்கேரிக்கு ஜெர்மனியிலிருந்து உள்நாட்டுக் கட்டணமே செல்லும், கார்டு முறைப்படிதான் போயிருக்கிறது. கட்டண அட்டவணை கையில் இல்லாமல் இந்தத் தீர்ப்பை எழுத முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கூட்டுத்தொகை தேவைக்கு மிக அதிகமாக இருந்தால் சேகரிப்பாளர் தனக்காகவே அனுப்பியதாக இருக்கலாம். குறைவாக இருந்து 'டி' (T) என்ற குறியும் கையால் எழுதிய எண்ணும் இருந்தால், பெற்றவரிடம் மிச்சம் வசூலித்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவை சுவாரசியமானவை, விலையும் பேசும். 1923 ஜெர்மனி போலப் பணவீக்கத்தில் கட்டணம் ஓயாமல் ஏறிய காலத்துக் கார்டுகளில் தேதிதான் எல்லாம். சில நாட்களே நிலைத்த கட்டணத்தில் சரியாகப் போனது ஒரு பொருள், அடுத்த கட்டணம் வந்த பிறகு போனது இன்னொரு பொருள்.

முத்திரை இருந்து முகவரி இல்லையென்றால் அது கேட்டு வாங்கிய முத்திரை. தலையின் மேல் அழகாக மூலையில் விழுந்த முத்திரையைக் கண்டு மகிழ வேண்டாம். செய்தி எழுதி, தபாலில் போடாமலே விட்ட கார்டு பயன்பட்டதிலும் சேராது, பயன்படாததிலும் சேராது. பொதுவாக அதற்குத்தான் மிகக் குறைந்த விலை.

பின்பக்கம் தனியார் அச்சிட்ட கடைப் பட்டியல், கூட்ட அழைப்பு போன்றவை இருந்தால் சாதாரணமாக விலை குறையும். படத்தோடு கூடிய விளம்பரமாக இருந்தால், அந்தத் தொழிலைச் சேகரிக்கிறவர்கள் வந்து விலையை ஏற்றிவிடுவார்கள்.

9. நிலை

ஓரம் நறுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆல்பப் பக்கத்தில் அடங்குவதற்காக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சீவியவை நிறைய இருக்கின்றன, ஆறாம் படியில் அளந்தது இங்கே மறுபடி கைகொடுக்கும். மூலை மழுங்கல், நடு மடிப்பு, பழுப்புப் புள்ளிகள், கோப்பில் குத்திய துளை, பின்பக்கம் ஒட்டிய கீல் காகிதத்தின் (ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சிறு பசைத் துண்டின்) தடம், உறையைத் திறந்தபோது கிழிந்த மேல் ஓரம்.

மடிப்பு தலையின் மேல் ஓடினால் இழப்பு அதிகம், வெற்றிடத்தில் ஓடினால் தாங்கலாம். ஏரோகிராமுக்கும் லெட்டர் கார்டுக்கும் அதற்கே உரிய மடிப்புகள் குறையாகாது. சாதாரண, நிறையக் கிடைக்கும் பொருளில் குறை இருந்தால் மதிப்பு ஏறக்குறைய போய்விட்டது என்றே வையுங்கள். அரிதான பயன்பாட்டில் கொஞ்சம் குறையை எல்லாரும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

10. கைவைத்தவையும் போலிகளும்

முழு கார்டையே போலியாக அச்சிடுவது குறைவு, இருப்பதில் கைவைப்பதுதான் அதிகம். வெட்டிய தலையை வேறு உறையில் ஒட்டி முழு உறையாக விற்பது: சாய்ந்த வெளிச்சத்தில் ஓரம் தெரியும், புடைப்பு அச்சு என்றால் உறையின் உள்பக்கம் குழிவு இருக்காது. இரட்டைக் கார்டின் ஒரு பாதியைச் சீவி ஒற்றைக் கார்டாக்குவது: மடிப்பு இருந்த விளிம்பை லென்ஸில் பாருங்கள், மற்ற மூன்று விளிம்புகளைப் போல இருக்காது.

மேலச்சு விலையை ஏற்றும் இடத்தில் மேலச்சுதான் போலியாகும். மை தபால் முத்திரைக்கு மேல் போகிறதா அடியில் போகிறதா என்று பாருங்கள். மேலச்சு முதலில், முத்திரை பிறகு. மாறியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. கூடுதல் தலை ஒட்டியவற்றில் முத்திரை தலையிலிருந்து கார்டுக்கு வழிந்து ஓடுகிறதா, இரண்டிலும் கோடு சேருகிறதா என்பது சோதனை. புற ஊதா விளக்கில் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும் காகிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளாக இருக்க வழியில்லை. அந்த வெண்மையூட்டிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே காகிதத்தில் பரவின.

பெரிய விலை என்றால் நிபுணர் குழுவின் சான்றிதழ் கேளுங்கள். சான்றிதழில் உள்ள படமும் கையில் உள்ள பொருளும் ஒன்றா என்று கறைகளை வைத்து ஒப்பிடுங்கள்.

11. விலை

இவ்வளவும் எழுதிய பிறகு மதிப்பிடுவது ஆச்சரியப்படும் அளவுக்குச் சீக்கிரம் முடியும். கேட்டலாக் விலையை உச்சவரம்பாக வையுங்கள், அதுவும் நல்ல நிலைக்கு. பிறகு முடிந்துபோன ஏலங்களில் அதே எண், அதே பயன்பாடு, அருகான நிலை உள்ளவை என்ன விலைக்குப் போயின என்று தேடுங்கள். விற்காமல் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும் விலை விற்பவரின் ஆசை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரே ஒரு விற்பனையை நம்ப வேண்டாம். இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிய ஏலமாக இருக்கலாம். ஏலக் கட்டணம் சேர்ந்த விலையா, சேராததா என்றும் பாருங்கள், இரண்டையும் கலந்து ஒப்பிடுகிறவர்கள் அதிகம்.

சிறப்பான இலக்கு, வழி, கட்டணம் இருந்தால் கேட்டலாக் பேசாது. அப்போது ஸ்டேஷனரி ஏலங்களோடு தபால் வரலாற்று ஏலங்களையும் பாருங்கள், வாங்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மதிப்பை ஒற்றை எண்ணாக எழுதாமல் கீழ் எல்லை, மேல் எல்லை என்று எழுதுங்கள், பக்கத்தில் தேதியும். தேதியில்லாத மதிப்பீடு இரண்டு வருஷத்தில் யாருக்கும் பயன்படாது.

குவியலாக வாங்கும்போது நூறு சாதாரணக் கார்டுகளின் கேட்டலாக் விலைகளைக் கூட்டி மொத்த மதிப்பு என்று நினைப்பதும் நடக்கிறது. அப்படி யாரும் வாங்க மாட்டார்கள். நல்ல பத்தைத் தனியே எடுத்து மதிப்பிட்டு, மிச்சத்தைக் கட்டாகக் கணக்கிடுங்கள்.

12. குறித்து வைப்பதும் பாதுகாப்பதும்

கீல் காகிதம் ஒட்டாதீர்கள். பாலியெஸ்டர் உறைகள் அல்லது மூலைகள் போதும், பிவிசி வேண்டாம், அது நாளடைவில் வியர்த்து மையை இழுக்கும். ரப்பர் பேண்டும் கிளிப்பும் கார்டில் தடம் பதிக்கும். கேட்டலாக் எண், அளவு, நீர்க்குறி, கட்டணக் கணக்கு, மதிப்பிட்ட தேதி எல்லாவற்றையும் தனிச் சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள், கார்டின் மேல் பென்சிலால்கூட எழுத வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள், ஓரங்கள் முழுசாகத் தெரியும்படி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து.